கால் மாறிய காலணி: ‘சூப்பர் டீலக்ஸ்’ திரைப்படத்தில் பாலின மாற்றமும் நம்பிக்கையும் நகைச்சுவையும்

தமிழ்த் திரைப்படங்களில் திருநங்கையர் நெடுங்காலம் எள்ளலுக்குரிய பொருளாகவே காட்டப்பட்டனர். தியாகராஜன் குமாரராஜா இயக்கிய ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) அச்சிரிப்பின் திசையை மாற்ற முயல்கிறது. மாணிக்கமாக வீட்டைவிட்டுச் சென்றவர் ஷில்பாவாகத் திரும்புகிறார். வரவேற்கத் திரண்ட உறவினர் திகைத்து நிற்க, மகன் ராசுக்குட்டி அவரை இயல்பாக ஏற்றுக்கொள்கிறான். இங்கு நகைப்புக்கு இடமாவது ஷில்பாவின் உடலன்று, பெரியவர்களின் தடுமாற்றமே.

சுனாமியில் இயேசு சிலையைப் பற்றி உயிர்தப்பிய அற்புதத்திடம், காலணியைக் கால் மாற்றி அணிவதுபோல் தம் பிறப்பிலும் பிழை நேர்ந்தது என்கிறார் ஷில்பா. உவமை வேடிக்கையானது, ஆயினும் பிறப்பு குறித்த குற்றவுணர்வை மனிதரிடமிருந்து இறக்கி, படைத்தவரின் கவனக்குறைவாக அதனை ஆக்குகிறது. அற்புதத்தின் கடவுள் காப்பவர். ஷில்பாவின் கடவுள் தவறக்கூடியவர், ஆதலின் நெருக்கமானவர். சிலை உடைந்து வைரங்கள் சிதறும் காட்சியில் அற்புதத்தின் நம்பிக்கைக்குக் கிட்டும் விடையும் தற்செயலே.

எனினும் இவ்வுவமைக்கு எல்லை உண்டு. திருநங்கையின் உடலைப் ‘பிழை’ எனக் கொண்டால்தான் அது பொருள்படும். மேலும், குழந்தைக் கடத்தலுடன் ஷில்பாவைத் தொடர்புபடுத்துவது பழைய அவதூறுக்கே வலுச்சேர்க்கிறது. இதனைத் திருநங்கையர் சிலர் கண்டித்தனர். விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த இப்பாத்திரத்தில் திருநங்கை ஒருவர் நடிக்கவில்லை என்பதும் கருதத்தக்கது. கடவுளையே நகைப்புக்கு உட்படுத்தத் துணிந்த இப்படம், திருநங்கையர் பற்றிய தன் முன்முடிவுகளை அந்நகைப்புக்கு உட்படுத்தவில்லை.