வேதாளத் தொடரும் அதன் சுவைக்குறைவும்

பேய் கூறக் கேட்கும் காதற்கதை நம் நாட்டிற்குப் புதியதன்று. 11-ஆம் நூற்றாண்டிற் காசுமீரத்துச் சோமதேவர் வடமொழியில் யாத்த கதாசரித்சாகரத்துள் அமைந்த வேதாளக் கதைகளுட் பல, மணமும் பிரிவும் ஆள்மாறாட்டமும் பற்றியனவே. தமிழில் இவை விக்கிரமாதித்தன் கதையோடு இணைந்து வழங்கின. தமிழ் வேதாளக் கதையைப் பாபிங்டன் என்பார் ஆங்கிலத்திற் பெயர்த்து 1831-இல் வெளியிட்டார். எனினும், எம் தலைமுறையார் பலர்க்கு வேதாளத்தை அறிமுகப்படுத்தியது 1947 சூலையில் தோன்றிய அம்புலிமாமா இதழே.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் இளமையைக் கழித்த யான், இதழ் கைக்கு வந்ததும் முதற்கண் புரட்டுவது வேதாளப் பகுதியையே. உருவிய வாளும் தோளிற் பிணமுமாக வேந்தன் நடக்கும் ஓவியர் சங்கரின் (1924–2020) படத்திற்கு அஞ்சியும் அதனை விரும்பியும் பல்லாண்டு படித்தேன். பின்னர், படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் தள்ளிவிடுவது வழக்கமாயிற்று. இஃது அகவை முதிர்ந்ததன் விளைவோ, தொடரின் குறையோ? அகவையே காரணமெனின் சோமதேவர் கதைகளும் இன்று சுவைத்தல் கூடாது. அவையோ முன்னினும் சுவைக்கின்றன. ஆதலின் காரணத்தைத் தொடரின் அமைப்பிலேயே தேடுதல் வேண்டும்.

மந்தாரவதியின் கதையை நோக்குக. அவளை விரும்பிய இளைஞர் மூவர். அவள் இறந்தபின் ஒருவன் சுடலைச் சாம்பலிற் படுத்துறங்குகின்றான். ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டு செல்கின்றான். ஒருவன் நாடெங்கும் அலைந்து உயிர்ப்பிக்கும் மந்திரம் கற்று மீள்கின்றான். உயிர்பெற்றெழுந்தவள் யாருக்கு மனைவி? உயிர் தந்தவன் தந்தை, எலும்பு சுமந்தவன் மகன், சாம்பலைத் தழுவிக் கிடந்தவனே கணவன் என்கின்றான் வேந்தன். வினா உறவுமுறை பற்றியது. விடையோ காதலின் இயல்பையே வரையறுத்துவிடுகின்றது. தலைமாறிய கணவன் கதையும் இத்தகையதே. தலையுடையவனே கணவன் என்னும் விடையில் அமைதி காணாமையாலன்றோ தாமசு மான் 1940-இலும் கிரீசு கர்னாட் தம் 'அயவதன' நாடகத்திலும் அதனை மீண்டும் எடுத்துக்கொண்டனர்!

இனி, முடிவை நோக்குவாம். இரு பெண்டிரின் அடிச்சுவடு கண்ட தந்தையும் மகனும், பெரிய அடியாளைத் தந்தையும் சிறிய அடியாளை மகனும் மணப்பதென உறுதி செய்கின்றனர். பெரிய அடி மகளுடையதாகவும் சிறிய அடி தாயுடையதாகவும் அமைந்துவிடுகின்றது. இவ்விருவர்க்கும் பிறக்கும் மக்கள் ஒருவர்க்கொருவர் யாது முறை? வேந்தன் அறியான், வாய்திறவாது நடக்கின்றான். விடையறிந்தும் மறைப்பின் தலை வெடிக்கும். விடை கூறின் வேதாளம் மரத்திற்கு மீளும். இவ்விரண்டிற்கும் இடையே எஞ்சிய ஒரே வழி உண்மையான அறியாமை. அந்த மௌனத்திற்கு மகிழ்ந்தே வேதாளம் துறவியின் சூழ்ச்சியை வெளிப்படுத்துகின்றது. முன்னைய கதைகளனைத்தும் இம்மௌனத்தை நோக்கியே அடுக்கப்பட்டன என்பது என் கருத்து.

அம்புலிமாமாவில் மூலக்கதைகள் தீர்ந்தபின் வேறு கதைகள் அதே சட்டகத்துட் புகுத்தப்பட்டன. தொடர் நிற்றல் கூடாதெனின் வேந்தன் மௌனம் சாதித்தல் இயலாது. திங்கள்தோறும் அவன் விடையறிந்தே ஆகவேண்டும். வினாவும் திரிந்தது. 'இவள் யாருக்குரியள்?' என்பது போய், 'இவன் ஏன் இவ்வாறு நடந்துகொண்டான்?' என்பதே பெரும்பான்மை ஆயிற்று. அதற்குரிய விடை, முரண்போலத் தோன்றியதை முரணன்றென விளக்கும் உரையாசிரியர் அமைதி போன்றது. அறிவுக்கு இனிது, நெஞ்சைத் தைப்பதன்று. காதலும் அச்சமும் ஒருங்கே மெலிந்தன.

சிறுவர் இதழிற்கு இது தகுமெனக் கூறுவார் உளர். காதல் குறைந்தமைக்கு அது விடையாகலாம். முடிவு இழந்தமைக்கு ஆகாது. திரும்பத் திரும்ப வருதல் குற்றமென்றும் யான் கூறவில்லை. முப்பத்திரண்டு பதுமைகளின் கதையிலும் போசன் படிதோறும் தடுக்கப்படுகின்றான். ஆயின் படிகள் எண்ணத்தக்கன. மேலே அரியணை உண்டு. வேதாளத் தொடரில் மரம் மட்டுமே எஞ்சியது.

அண்மையில் பழைய இதழ்க்கட்டு ஒன்றை மீண்டும் பிரித்தேன். மூலக்கதை என அறிந்தவற்றை முழுதும் படித்தேன்; ஏனையவற்றில், இளமையிற் செய்தாங்கே, படத்தோடு நின்றுவிட்டேன்.