என்விடிஏ: போலி மின்னஞ்சலைக் காதால் பிடிக்க முடியுமா?

'உங்கள் கணக்கு இன்று முடக்கப்படும்' என்று மிரட்டும் ஃபிஷிங் மின்னஞ்சலைப் பார்வையுள்ளவர் பல நேரம் தோற்றத்தை வைத்தே கண்டுகொள்வார். மங்கிய முத்திரை, ஒழுங்கில்லாத எழுத்து, ஏதோ ஒன்று உறுத்தும். திரைவாசிப்பான் வழியே கேட்பவருக்கு அந்த உறுத்தல் வந்து சேராது. வங்கிக் கடிதமும் மோசடிக் கடிதமும் ஒரே குரலில்தான் ஒலிக்கும்.

அதனால் என்விடிஏவை இந்த ஒரு கோணத்தில் மட்டும் சோதித்தேன். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய விண்டோஸ் திரைவாசிப்பான் இது. அவரும் பார்வையற்றவர். மென்பொருள் முற்றிலும் இலவசம், தமிழும் வாசிக்கும்.

போலி மின்னஞ்சல் ஒன்றை எனக்கே அனுப்பி, திரையை அணைத்துவிட்டுக் கேட்டேன். 'லிங்க், உள்நுழைய' என்பதோடு குரல் நின்றுவிட்டது. லிங்க் எங்கே போகிறது என்பதை நாம் கேட்டால்தான் சொல்கிறது. இன்செர்ட் விசையோடு கே-யை அழுத்தினால் முகவரியை வாசிக்கும். இருமுறை அழுத்தினால் தனிச் சாளரத்தில் காட்டும். இரண்டாவதே பாதுகாப்பு. வேகமாகக் கேட்கும்போது, ஓர் எழுத்து இரட்டித்திருந்தாலும் உச்சரிப்பு மாறாது. நடுக்கோட்டை இயல்பான அமைப்பில் சொல்லாமலே தாண்டிவிடும். சாளரத்தில் அம்புவிசையால் எழுத்தெழுத்தாக நகருங்கள்.

அப்படி நகரும்போது காது கண்ணை வென்றுவிடுகிறது. ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றால் கண்ணுக்கு எம் போலத் தெரியும். என்விடிஏ பிரித்தே சொல்கிறது. வங்கிப் பெயரில் ஆங்கில ஏ-க்குப் பதில் அச்சு அசலாக அதைப்போலவே இருக்கும் ரஷ்ய எழுத்தைச் செருகினேன். நம்லாக் அணைந்திருக்க, எண்பலகையின் 2-ஐ மும்முறை அழுத்தினால் எழுத்தின் எண் வருகிறது: ஆங்கிலச் சிறிய ஏ-க்கு 97, ரஷ்ய எழுத்துக்கு 1072. எந்தக் கண்ணாலும் இதைப் பிரிக்க முடியாது.

குறையும் பெரியது. மின்னஞ்சல் போலியா என்று என்விடிஏ தீர்ப்புச் சொல்வதில்லை. லிங்க்கோடு அது போகும் தளத்தின் பெயரையும் தானாகவே சொல்லும் வசதி வந்தால் எவ்வளவோ பேர் தப்புவார்கள். அதுவரை கடவுச்சொல் மேலாளர் ஒன்றைச் சேர்த்து வையுங்கள்; தளம் மாறினால் அது கடவுச்சொல்லைத் தானாக நிரப்பாது.

இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. தளத்தின் பெயர், முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன், அப்படி முடிகிறதா என்று கேளுங்கள். முடியவில்லையென்றால் திறக்காதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.