மியூல் மானைத் தேடுதல்: ரூஸ்வெல்ட்டின் வேட்டை நூல்

'ஹண்டிங் ட்ரிப்ஸ் ஆஃப் எ ராஞ்ச்மேன்' (1885) தியோடர் ரூஸ்வெல்ட் எழுதிய வேட்டை நூல். பின்னாளில் அமெரிக்க அதிபரான ரூஸ்வெல்ட், டகோட்டா பிரதேசத்தின் பேட்லாண்ட்ஸ் பகுதியில் லிட்டில் மிசௌரி ஆற்றை ஒட்டி மாட்டுப்பண்ணை நடத்திய காலத்தின் அனுபவங்களைக் கொண்டது. மியூல் மான் வேட்டைக்கென்று இந்நூலில் தனி அத்தியாயம் உள்ளது. ரூஸ்வெல்ட் அதைக் கருவால் மான் என்கிறார். இன்று அப்பெயர் பசிபிக் கடற்கரையோரக் கிளையினத்தையே குறிக்கும் என்பதால் புதிய வாசகர்கள் குழம்புவதுண்டு. கோவேறு கழுதையின் காதுகளைப் போன்ற பெரிய காதுகளால் வந்த பெயர் மியூல் மான்.

மதிப்பீடு

இந்த அத்தியாயத்தின் வலிமை, மானைச் சுடுவதையும் மானைக் கண்டடைவதையும் வேறு வேறு திறன்களாகப் பார்ப்பதில் உள்ளது. ஆற்றோரப் புதர்களில் பதுங்கும் வெள்ளைவால் மானிலிருந்து மேட்டுநிலங்களிலும் ஓடைப்பள்ளங்களிலும் வாழும் மியூல் மானை ரூஸ்வெல்ட் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார். நான்கு கால்களும் ஒருசேர நிலத்தைவிட்டு எழும் விறைப்பான துள்ளல், மிரண்டு ஓடும்போதும் நின்று திரும்பிப் பார்க்கும் இயல்பு ஆகியவை நேரில் கண்டவரின் குறிப்புகள். தன் கண்பார்வை மோசம், கையும் அவ்வளவு உறுதியானதல்ல, விடாமுயற்சியாலேயே வேட்டை கிடைத்தது என்று நூலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். வேட்டை இலக்கியத்தில் இவ்வளவு வெளிப்படையான தன்மதிப்பீடு அரிது.

ஒரே குண்டில் இரண்டு மான்களை வீழ்த்திய நிகழ்வு இந்த அத்தியாயத்தின் புகழ்பெற்ற பகுதி. தூரம் நானூறு காலடிக்கும் மேல். அது தற்செயல், எட்டாத தூரத்தில் அடிக்கடி சுடுபவர் எவருக்கும் எப்போதாவது வாய்ப்பது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அப்படிச் சுடலாமா என்ற கேள்வியை அவர் எழுப்புவதில்லை. நூலின் பெரிய குறை இதுவே. குறி தவறிய குண்டுகளில் சில மானைக் காயப்படுத்தியிருக்கும். காயப்பட்ட மான் பள்ளத்தாக்கில் எங்கோ கிடந்து சாகும்.

'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' இதழின் ஆசிரியர் ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் வேறொரு குறையைச் சுட்டினார். ரூஸ்வெல்ட்டின் அனுபவம் குறைவு, வேட்டைக்காரர்களின் கட்டுக்கதைகள் சிலவற்றை உண்மையென்றே எழுதிவிட்டார் என்பது அவரது விமர்சனம். ரூஸ்வெல்ட் இதழின் அலுவலகத்துக்கே நேரில் சென்று அவருடன் விவாதித்தார். அங்கு தொடங்கிய நட்பிலிருந்து 1887-ல் பூன் அண்ட் கிராக்கெட் கழகம் உருவானது. விலங்குக்குத் தப்பும் வாய்ப்பளிக்கும் நேர்மையான வேட்டை என்னும் நெறியை அமெரிக்காவில் பரப்பிய அமைப்பு அது. ஒரு மதிப்புரை இவ்வளவு தூரம் சென்றது வியப்புதான்.

வழிகாட்டியாக மட்டும் வாசித்தால் நூல் இன்று போதாது. ரூஸ்வெல்ட்டின் முறை மென்தோல் காலணியுடன் காற்றுக்கு எதிராக ஓசையின்றி நடந்து தேடுவது. இன்றைய வேட்டைக்காரர் விடியும் முன்பே உயரமான இடத்தில் அமர்ந்து, தொலைநோக்கியால் எதிர்ச்சரிவைப் பகுதி பகுதியாகத் துழாவுகிறார். முழு மானைத் தேடுவதில்லை. ஒரு காதின் அசைவு, புதருக்கு மேலே கிடைமட்டமாகத் தெரியும் முதுகுக்கோடு, வெளிறிய பின்புறம் ஆகியவையே அடையாளங்கள். வெயில் ஏறியதும் மான் நிழலான வடசரிவுகளில் படுத்துவிடும். அது படுக்கும் இடத்தைக் கண்டுவைத்த பின்னரே நெருங்க வேண்டும். மலைக்காற்று அதிகாலையில் கீழ்நோக்கியும் வெயில் ஏறியபின் மேல்நோக்கியும் வீசும். காலையில் சரியாக இருந்த பாதை பத்து மணிக்கு வேட்டைக்காரரின் வாடையை மானிடமே கொண்டுசேர்க்கும். காற்றுக்கு எதிராக நடக்கவேண்டும் என்ற பொதுவிதியோடு ரூஸ்வெல்ட் பெரும்பாலும் நின்றுவிடுகிறார்.

பருவத்துக்கேற்ப மான் இடம் மாறுவதும் நூலில் போதிய அளவு இல்லை. வயோமிங்கில் ரெட் டெசர்ட் முதல் ஹோபாக் வரை சுமார் 240 கிலோமீட்டர் மியூல் மான்கள் வலசை செல்வது கழுத்துப்பட்டைக் கருவிகளின் வழியாக அண்மைக்காலத்திலேயே தெரியவந்தது. கோடையில் மான்கள் நிறைந்திருந்த மேட்டை நவம்பரில் தேடிச் செல்பவருக்குப் பழைய தடங்களே மிஞ்சலாம்.