மலிவு லாப் ஸ்டீல்: முதலில் எதை மாற்றுவது?

மலிவான லாப் ஸ்டீல் கிட்டார் வாங்கினா, எல்லாரும் சொல்ற முதல் யோசனை "பிக்கப்பை மாத்து". நானும் மாத்தினேன். சத்தம் செழிப்பா வந்துச்சு, சுருதி மட்டும் சேரலை. என் காதுதான் மந்தம்னு ஒரு மாசம் நம்பிட்டிருந்தேன்.

அப்புறம்தான் டேப் எடுத்து அளந்தேன். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 57 செ.மீ. அப்படின்னா 12-ஆவது கோடு சரிபாதியில், 28.5-ல் இருக்கணும். அச்சடிச்சிருந்தது 28.1-ல். அந்த 4 மி.மீ. பிசகு ஏறத்தாழ கால் அரைஸ்வரம் இறக்கம்.

சாதாரண கிட்டாரில் ஃப்ரெட்தான் சுருதியை முடிவு செய்யும். லாப் ஸ்டீலில் அந்த வேலை கையிலிருக்கும் இரும்பு பாருடையது. கோடு வெறும் அடையாளம். ஆனா புதுசா கத்துக்கிறவர் கண் அதைத்தான் நம்பும்.

1930களில் வந்த ரிக்கன்பேக்கர் 'ஃப்ரையிங் பான்' மின்சார கிட்டாருக்கே முன்னோடி. அதன் பிக்கப்பை இன்றும் புகழ்கிறார்கள். ஆனால் அலுமினிய உடல் விளக்குச் சூட்டில் விரிந்து சுருதி கலைந்தது. நல்ல பிக்கப் அதைக் காப்பாற்றவில்லை.

நான் செஞ்சது இவ்வளவுதான்: பிரிட்ஜைக் கழற்றி நட்டுப் பக்கம் 8 மி.மீ. நகர்த்தினேன். நீளம் 56.2 ஆச்சு, பாதி 28.1. பழைய திருகு ஓட்டைகளைப் பல்குச்சியும் மரப்பசையும் வச்சு அடைச்சேன். கோடுகள் இப்போ பொய் சொல்றதில்லை.

பிக்கப்புக்குக் காசு எடுக்கும் முன் டேப்பை எடுங்க.