புராஜெக்ட் ஆன்லைனிலிருந்து ஜோஹோவுக்கு: அம்பத்தூர் டூல் ரூமில் ஒரு சோதனை ஓட்டம்

2026 செப்டம்பர் 30-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் தன் புராஜெக்ட் ஆன்லைன் சேவையை மூடுகிறது. புதிதாக வருபவர்களுக்கு விற்பதை 2025 அக்டோபர் 1-லேயே நிறுத்திவிட்டார்கள். மேசைக் கணினியில் ஓடும் எம்.எஸ். புராஜெக்ட் இருக்கும். சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் புராஜெக்ட் சர்வரும் இருக்கும். திட்டம் போடுபவர், டிசைனர், பர்ச்சேஸ், முதலாளி என எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே திட்டத்தைப் பார்க்க உதவிய இணையத்தளம்தான் போகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இது சின்ன விஷயம் இல்லை. பாடியில் பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ் என்று வாகன உதிரிபாகத் தொழில் வேர் விட்ட வட்டாரம் இது. பெரிய நிறுவனம் ஒரு புதிய பாகத்துக்கு ஆர்டர் கொடுத்தால் கூடவே டைம்லைனும் கேட்கும்: டை டிசைன் எப்போது, மெஷினிங் எப்போது, முதல் ட்ரை-அவுட் எப்போது, சாம்பிள் எப்போது. அந்த டைம்லைனைப் பல டூல் ரூம்கள் எம்.எஸ். புராஜெக்டில்தான் வைத்திருக்கின்றன. அப்படிப் பிரஸ் டூல் செய்யும் யூனிட் ஒன்றின் திட்டக் கோப்புகளின் நகலை வாங்கி, ஜோஹோ புராஜெக்ட்ஸில் ஏற்றிப் பார்த்தேன். செயலியின் அழகைவிட அதற்குள் குடியேறுவது எப்படி என்பதே இங்கே கேள்வி.

ஏன் ஜோஹோ?

1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய சென்னை நிறுவனத்தின் தயாரிப்பு இது. புராஜெக்ட்ஸ் செயலி 2006-லிருந்து சந்தையில் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஜோஹோவுக்கு மாறியது 2025-ல் செய்தியானபோது, எஸ்டேட் முதலாளிகள் பலருக்கும் அந்தப் பெயர் மனதில் பதிந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: எம்.எஸ். புராஜெக்டின் எம்.பி.பி. கோப்பையும் அதன் எக்ஸ்.எம்.எல். வடிவத்தையும் இது நேரடியாக வாங்கிக்கொள்கிறது.

முதலாளிகள் கேட்கும் அடுத்த கேள்வி, “நம்ம டேட்டா எங்க இருக்கும்?” அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே டிஜிட்டல் கனெக்‌ஷன் நிறுவனத்தின் டேட்டா சென்டர் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. முதற்கட்டம் 20 மெகாவாட், முழு வளாகமும் முடிந்தால் 100 மெகாவாட். அதற்காக உங்கள் டேட்டா பக்கத்துத் தெருவில் இருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜோஹோவின் இந்திய டேட்டா சென்டர்கள் சென்னையிலும் மும்பையிலும் உள்ளன. கணக்கைத் திறக்கும்போது எந்த நாட்டைத் தேர்ந்தீர்கள், முகவரி டாட் இன் என்று முடிகிறதா டாட் காம் என்று முடிகிறதா என்பதுதான் டேட்டாவின் ஊரைத் தீர்மானிக்கும். பழைய டாட் காம் கணக்கு ஏதாவது கம்பெனி பெயரில் தூங்கிக்கொண்டிருந்தால் அதிலேயே தொடங்கிவிடாமல் முதலில் இதைப் பாருங்கள். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு பாகம் செய்து தருபவர்கள் இன்னும் ஒரு படி முன்னே போய், வரைபடத்தை வெளி சர்வரில் வைக்க ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று படித்துவிட வேண்டும்.

கோப்பு ஏறுகிறது, அமைப்பு மாறுகிறது

எம்.பி.பி. கோப்பைக் கொடுத்தால் பணிகள், தேதிகள், எதற்குப் பின் எது என்ற தொடர்பு ஆகியவை வந்து சேர்கின்றன. கான்ட் வரைபடத்தைத் திறந்தால் பழகிய கண்ணுக்குப் பெரிய அந்நியம் இல்லை. பட்டையைப் பிடித்து இழுப்பதும், ஒரு பணியிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு போடுவதும் எளிது. ஒயர்-கட் முடிந்துவிட்டது என்று போனிலேயே குறித்துவிடலாம் என்பது ஷாப் ஃப்ளோருக்குப் பெரிய லாபம். இதுவரை அந்தத் தகவல் வாட்ஸ்அப்பில் வந்து, மாலையில் யாரோ ஒருவர் திட்டத்தில் ஏற்றுவதாக இருந்தது.

யோசிக்க வைப்பது மைல்ஸ்டோன். எம்.எஸ். புராஜெக்டில் மைல்ஸ்டோன் என்றால் கால அளவே இல்லாத ஒரு புள்ளி: ‘டிசைன் அப்ரூவல்’ என்று ஒரு வைரக் குறி, அவ்வளவுதான். ஜோஹோவில் அது தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு கட்டம். அதற்குள் பணிப் பட்டியல்கள், பட்டியலுக்குள் பணிகள், பணிக்குள் துணைப்பணிகள். ஆகவே பழைய மரத்தை அப்படியே நட முயல்வதைவிட, வாகனத் துறை ஏற்கெனவே பழகிய தரத் திட்டமிடல் முறையான ஏ.பி.க்யூ.பி.யின் ஐந்து கட்டங்களை மேல் அடுக்காக வைத்து, டிசைன், மெட்டீரியல், மெஷினிங், ஹீட் ட்ரீட்மென்ட், ட்ரை-அவுட் ஆகியவற்றைப் பணிப் பட்டியல்களாகப் பிரிப்பது நல்லது. இந்தப் பிரிவை வெள்ளைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகே கோப்பை ஏற்ற வேண்டும்.

ஏற்றுமுன் பழைய கோப்பையும் கொஞ்சம் துடைக்க வேண்டியிருக்கும். எம்.எஸ். புராஜெக்டில் தொடக்கத் தேதியைக் கையால் தட்டினால், ‘இதற்கு முன் தொடங்காதே’ என்ற கட்டுப்பாடு சத்தமில்லாமல் அந்தப் பணியில் ஒட்டிக்கொள்ளும். வருடக்கணக்கில் பலர் கை வைத்த திட்டத்தில் இப்படிப்பட்டவை நிறைய. முந்தைய பணி முன்னதாக முடிந்தாலும் அடுத்தது முன்னே நகராத ‘செத்த’ திட்டங்கள் உருவாவது இதனால்தான். அந்தக் கட்டுப்பாடுகளைப் பழைய வீட்டிலேயே களைந்துவிட வேண்டும். பணி எண் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை: வரிசை எண் இடையில் ஒரு வரியைச் செருகினால் மாறிவிடும்; ‘யுனிக் ஐடி’ மாறாது. அதைப் புதிய தளத்தில் ஒரு தனிப் புலமாக வைத்தால்தான் பின்னால் இரண்டையும் ஒப்பிட முடியும்.

சனிக்கிழமை எங்கே போனது?

எஸ்டேட்டுக்கு வாரம் ஆறு நாள். மென்பொருளின் வழக்கமான அமைப்பு திங்கள் முதல் வெள்ளி. இந்த ஒரே வேறுபாடு எந்த இறக்குமதியையும் கெடுத்துவிடும். 24 வேலைநாள் பிடிக்கும் ஒரு மெஷினிங் பணி 2026 ஜூன் 1, திங்களன்று தொடங்குகிறது என்று வையுங்கள். விடுமுறைகளை விட்டுவிட்டுப் பார்த்தால், ஆறு நாள் வாரத்தில் அது ஜூன் 27, சனிக்கிழமை முடியும். ஐந்து நாள் வாரத்தில் ஜூலை 2, வியாழன். ஒரு பணிக்கே இவ்வளவு என்றால், ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் பணிகள் தொடரும் டையின் கடைசித் தேதி எங்கே போய் நிற்கும்?

‘ஒரு நாள்’ என்பதும் பொதுவானதல்ல. எக்ஸ்.எம்.எல். கோப்பில் பத்து நாள் பணி 80 மணி என்றே எழுதப்படுகிறது. புதிய தளத்தில் நாளுக்கு எத்தனை மணி என்று வைத்திருக்கிறீர்களோ அதற்கேற்பவே அது திரும்ப நாளாகும். இரண்டு ஷிஃப்ட் ஓடும் சி.என்.சி. பகுதிக்கும் ஜெனரல் ஷிஃப்ட் டிசைன் அறைக்கும் கணக்கு வேறு. ஆகவே வேலை நேரம், வார விடுமுறை, பொங்கல், ஆயுத பூஜை உள்ளிட்ட விடுமுறைப் பட்டியல் ஆகிய மூன்றையும் முதலில் போட்டுவிட்டு, அதன் பிறகே கோப்பை ஏற்ற வேண்டும். ஏற்றியதும் பார்க்க வேண்டிய முதல் எண் திட்டத்தின் கடைசித் தேதி. அது பழையதோடு பொருந்தாவிட்டால் மற்ற எதையும் சரிபார்த்துப் பயனில்லை.

எக்செல் என்னும் இடைத்தரகர்

எல்லாத் திட்டமும் எம்.பி.பி.யில் இருப்பதில்லை. ஜாப் வொர்க்குக்கு வெளியே அனுப்பியவை, இன்ஸ்பெக்‌ஷன் குறைகள், கஸ்டமர் மாற்றங்கள் எல்லாம் எக்செல் தாள்களில்தான் கிடக்கும். அவற்றை சி.எஸ்.வி. கோப்பாக்கித்தான் ஏற்ற வேண்டும். இங்கே மூன்று பள்ளங்கள். முதலாவது, 03/04/2026 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் மார்ச் 4. தேதி 12-க்கு மேல் இருந்தால் பிழை காட்டும். 12-க்குள் இருந்தால் ஒன்றும் சொல்லாமல் தவறாக ஏறிவிடும். இரண்டாவது, டிராயிங் ரிவிஷன் 2-3 என்று தட்டினால் எக்செல் அதை மார்ச் 2 ஆக்கிவிடும். பார்ட் நம்பரின் முன்னால் நிற்கும் பூஜ்ஜியங்களைத் தின்றுவிடும். அந்தக் காலம்களை முன்கூட்டியே ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிடுங்கள். மூன்றாவது, சூப்பர்வைசர்கள் தமிழில் எழுதிய குறிப்புகள். சாதாரண சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் அத்தனையும் கேள்விக்குறிகளாகிவிடும். சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்ற வகையைத் தேர்ந்தால் தமிழ் தமிழாகவே போய்ச் சேரும்.

ஆட்கள் பட்டியலும் இங்கேயே சரிசெய்ய வேண்டியது. புதிய தளம் ஆளை மின்னஞ்சலால் அடையாளம் காண்கிறது. டூல் ரூமில் நான்கு பேருக்கு ஒரே மின்னஞ்சல் இருப்பது சகஜம். வேலையை விட்டுப் போனவர் பெயரில் இன்னும் திறந்து கிடக்கும் பணிகளை யாருக்கு மாற்றுவது என்பதை மென்பொருள் முடிவு செய்யாது. கட்டணம் ஆள் கணக்கில் என்பதால் இந்தப் பட்டியல் நேராக பில்லிலும் தெரியும்.

கோப்பில் இல்லாதது எங்கும் வராது

எம்.பி.பி. என்பது திட்டம் மட்டுமே. புராஜெக்ட் ஆன்லைனில் இணைத்த டிராயிங், மீட்டிங் குறிப்பு, சிக்கல் பட்டியல், ரிஸ்க் பட்டியல் ஆகியவை ஷேர்பாயின்டில் இருக்கின்றன. டைம்ஷீட் தனியாக இருக்கிறது. இவை எதுவும் எம்.பி.பி.க்குள் இல்லை, எனவே எந்தத் தளத்தின் இறக்குமதியும் அவற்றைக் கொண்டுவராது. ஷேர்பாயின்ட் கோப்புகளைத் தனியே இறக்க வேண்டும். டைம்ஷீட் போன்ற அட்டவணைகளை ஓடேட்டா என்ற தரவு இணைப்பு வழியாக எக்செலுக்கு இழுத்துக்கொள்ளலாம். சேவை மூடிய பிறகு அந்த வழி இருக்காது.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அந்த யூனிட்டின் பிளானிங் இன்ஜினீயர் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஆடிட்டர் கேட்டா இந்த டேட்டை யாரு, எப்ப மாத்தினாங்கன்னு எப்படி சார் காட்டுறது?” சரியான கேள்வி. கோப்பு வழி இறக்குமதி இன்றைய நிலையைத்தான் கொண்டுவரும். அந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்பதை அல்ல. ஏற்றிய பின் வரலாற்றுப் பகுதியைத் திறந்தால், எல்லாப் பணிகளும் ஒரே நாளில் ஒரே ஆளால் உருவானவை போலத் தெரியும். ஆனால் வாகனத் துறையின் ஐ.ஏ.டி.எஃப். 16949 தரநிலை, ஒரு பாகத்தின் உற்பத்திக்கான பி.பி.ஏ.பி. ஒப்புதல்கள், டூலிங் பதிவுகள், ஒப்பந்தத் திருத்தங்கள் முதலானவற்றை அந்தப் பாகம் உற்பத்தியிலும் சர்வீஸிலும் இருக்கும் காலம் முழுவதும், அதற்குமேல் ஒரு காலண்டர் ஆண்டும் வைத்திருக்கச் சொல்கிறது. பத்தாண்டுகளாக ஓடும் ஒரு பிராக்கெட்டின் டைக்கு இன்றும் சாட்சி தேவை.

இதிலிருந்து கிடைப்பதே என் முக்கியப் பரிந்துரை: ஓடும் வேலையை மட்டும் குடியேற்றுங்கள், முடிந்த வேலையைப் பூட்டி வையுங்கள். முடிந்த திட்டம் ஒவ்வொன்றுக்கும் எம்.பி.பி., எக்ஸ்.எம்.எல்., படித்துப் பார்க்க ஒரு பி.டி.எஃப்., கூடவே ஷேர்பாயின்ட் ஆவணங்கள் என ஒரு ஃபோல்டர். மாற்ற முடியாதபடி கம்பெனி சர்வரில் ஒரு நகல், வேறு இடத்தில் இன்னொன்று. புதிய தளத்தில் அந்தந்தப் பாகத்தின் பெயரில் அந்த ஃபோல்டரின் முகவரி மட்டும் இருந்தால் போதும். பழையதையெல்லாம் புதிய திரையில் பார்க்கும் ஆசையில் ஏற்றினால், கட்டணமும் குழப்பமும் கூடும்; ஆடிட்டுக்கு அது சாட்சியும் ஆகாது.

எப்போது, எப்படி

சோதனைக்கு மூன்று திட்டங்கள் போதும்: முடிந்தது ஒன்று, பாதியில் நிற்பது ஒன்று, யாருக்கும் புரியாத அளவுக்குச் சிக்கியது ஒன்று. மூன்றாவது சரியாக ஏறினால் மற்றவை ஏறும். ஏற்றிய பின் பணிகளின் எண்ணிக்கை, கடைசித் தேதி, தொடர்புகள், யார் பொறுப்பு ஆகிய நான்கையும் யுனிக் ஐடி வைத்து ஒப்பிட்டு, பிளானிங்கும் டூல் ரூம் மேனேஜரும் கையெழுத்திட வேண்டும்.

மாறும் நாளுக்கு ஆயுத பூஜை விடுமுறை வசதிதான். ஆனால் அது அக்டோபரில் வருகிறது, கதவு செப்டம்பரிலேயே மூடிவிடும். 2026-ல் ஆகஸ்ட் 15 சனிக்கிழமை. ஞாயிறையும் சேர்த்தால் இரண்டு நாள் பழைய தளத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அதுவே நல்ல நேரம். தவறினால் விநாயகர் சதுர்த்தி செப்டம்பர் 14, திங்களில் வருகிறது. ஞாயிறோடு சேர்த்து இன்னொரு வாய்ப்பு. அதையும் விட்டால் சரிபார்க்க இரண்டு வாரம்தான் மிஞ்சும். மாறிய பின் பழையதைப் படிக்க மட்டும் திறந்து வையுங்கள். இரண்டிலும் பதிய விட்டால் எது உண்மை என்று ஒரு வாரத்தில் யாருக்கும் தெரியாது.

யாருக்கு, யாருக்கு இல்லை

எம்.பி.பி. கோப்புகளும் இருபது முப்பது ஆட்களும் உள்ள டூல் ரூமுக்கு ஜோஹோ புராஜெக்ட்ஸ் பொருந்துகிறது. பேஸ்லைன், கிரிட்டிக்கல் பாத் போன்றவை எந்தக் கட்டணத் திட்டத்தில் வருகின்றன என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எல்லோரும் டீம்ஸிலும் அவுட்லுக்கிலுமே வாழும் கம்பெனிக்கு மைக்ரோசாஃப்டின் பிளானர் பக்கம் நகர்வது இயல்பு. வெளி சர்வரே கூடாது என்பவர்களுக்குப் புராஜெக்ட் சர்வரோ, திறந்த மூல ஓபன்புராஜெக்டோ இருக்கிறது. சர்வரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மென்பொருள் நிறுவனமான அட்லாசியன் தன் சர்வர் பதிப்புகளுக்கான ஆதரவை 2024 பிப்ரவரி 15-ல் நிறுத்தியபோது ஐ.டி. கம்பெனிகள் அவசரப்பட்டன; இப்போது தொழிற்சாலைகளின் முறை.

எந்தத் தளத்தை வாங்கினாலும், அதைவிட்டு வெளியேறும் வழியையும் சோதனைக் காலத்திலேயே பாருங்கள். ஏற்றிய திட்டத்தைத் திரும்ப வெளியே எடுத்து, எம்.எஸ். புராஜெக்டிலோ எக்செலிலோ திறந்து, கடைசித் தேதி மாறாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆண்டுக் கட்டணம் கட்டலாம்.