மூன்று வீடுகளுக்கு ஒரே பாட்டி

ஜொகூரோடு உறவுள்ள மூன்று சிந்தனையாளர்களின் பெயர்கள் மலேசிய அறிவுலகில் அடிக்கடி ஒலிப்பவை. உங்கு அப்துல் அஜீஸ், கிராமத்து வறுமையை ஆராய்ந்த பொருளியலாளர். 1968 முதல் 1988 வரை மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அவருக்கு அடுத்து அந்தப் பதவிக்கு வந்த சைட் உசேன் அலாத்தாஸ், சுதேசிகள் சோம்பேறிகள் என்ற காலனியக் கட்டுக்கதையை 1977இல் வெளிவந்த தம் நூலில் தகர்த்த சமூகவியலாளர். உசேனின் தம்பி சைட் முகமது நக்கீப் அல்-அத்தாஸ், இஸ்லாமியத் தத்துவத்தில் உலகறிந்த பெயர். அரசியலிலிருந்து இன்னும் இருவரைச் சேர்த்துக்கொள்ளலாம்: 1946இல் அம்னோவைத் தோற்றுவித்த டத்தோ ஓன் ஜாஃபார், மூன்றாம் பிரதமரான அவர் மகன் ஹுசேன் ஓன்.

தந்தைவழியில் மட்டும் பார்த்தால் இவர்கள் மூன்று தனி வீட்டுக்காரர்கள். உங்கு அஜீஸ் ஜொகூர் அரச குடும்பம். அலாத்தாஸ் சகோதரர்கள் ஜாவாவின் போகோரில் வாழ்ந்த அரபு வம்சம். ஓன், ஜொகூரின் முதல் மந்திரி பெசார் டத்தோ ஜாஃபார் ஹாஜி முகமதுவின் மகன். மூன்று வீடுகளையும் ஒரே குடும்பமாக்கியவர் ஒரு பெண். அவர் பெயர் ருக்கையா ஹானும்.

ஒட்டோமான் நாட்டிலிருந்து ஜொகூருக்கு வந்த அவர், சுல்தான் அபு பக்காரின் தம்பி உங்கு அப்துல் மஜீதை மணந்தார். மஜீத் இறந்தபின் சைட் அப்துல்லா அல்-அத்தாஸை; அதற்குப் பின் டத்தோ ஜாஃபாரை. முதல் மணத்து மகன் ஒருவர் உங்கு அஜீஸின் தந்தை. இரண்டாம் மணத்தில் பிறந்த ஒரே பிள்ளை சைட் அலி, உசேனுக்கும் நக்கீபுக்கும் தந்தை. மூன்றாம் மணத்துப் பிள்ளைகளில் ஒருவர் ஓன்.

இத்தனை பேருக்கு வேராக இருந்தவரைப் பற்றி நூல்கள் சொல்வது சில வரிகளே. அவையும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. நக்கீப் பற்றிய எழுத்துகள் ருக்கையாவைத் துருக்கியப் பிரபு குலத்துப் பெண் என்கின்றன. வேறு சில, ஒட்டோமான் அரண்மனையிலிருந்து அனுப்பப்பட்ட சர்க்காசியப் பெண் என்கின்றன. பிரபு குலத்து மணமகளுக்கும் அனுப்பிவைக்கப்பட்ட பெண்ணுக்கும் இடையே ஒரு வாழ்க்கை அளவு தூரம் இருக்கிறது. அதைத் தீர்த்துவைக்காமலே வம்சாவளியைத் தொடர்ந்து எழுதிவந்திருக்கிறோம். அவர் எந்த மொழியில் பிள்ளைகளோடு பேசினார், மூன்று முறை வீடு மாறியபோது எந்தப் பிள்ளை எவரிடம் வளர்ந்தது என்பவையெல்லாம் வரலாற்றுக் கேள்விகள்தாம்.

நக்கீபின் தாய் ஷரிஃபா ரகுவான் அல்-ஐதரூஸ் நிலைமையும் இதுதான். சுகாபுராவின் சுண்டா அரச மரபினர் என்ற குறிப்போடு அவர் பெயர் வருகிறது. மகனின் குலப்பெருமைக்குச் சான்றாக வந்துவிட்டு, அதோடு பக்கத்தைவிட்டு வெளியேறிவிடுகிறார். 1936 வாக்கில், ஐந்து வயதில் நக்கீப் ஜொகூருக்கு அனுப்பப்பட்டார். முதலில் சிற்றப்பா அகமதுவும் பிறகு அத்தை அஜீஸாவும் அவரை வளர்த்தார்கள். இருவரும் ருக்கையா ஹானும் டத்தோ ஜாஃபாருக்குப் பெற்ற பிள்ளைகள். பாட்டியின் மூன்றாம் மணத்து உறவு, இரண்டாம் மணத்துப் பேரனைத் தாங்கியிருக்கிறது. போருக்குப் பின் நக்கீப் உறவினர் வீட்டு நூலகத்தில் மலாய்ச் சுவடிகளைப் படித்ததை வரலாறுகள் சொல்கின்றன. பள்ளிக்குப் போகத் தொடங்கிய பையனுக்குச் சோறு போட்டு வளர்த்த அத்தையோ ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடுகிறார். சுவடிக்குத் தரும் மதிப்பில் பாதியையாவது அத்தைக்குத் தந்திருக்க வேண்டும்.

அடுத்த தலைமுறையில் நிலைமை சற்று மாறுகிறது. உங்கு அஜீஸின் மனைவி அஜா அஜீஸ் ஜொகூர் பாருவில் பிறந்தவர். பத்திரிகையாளர், குழந்தை எழுத்தாளர். மலாய் உடைகளையும் துணிகளையும் பற்றி 2006இல் அவர் வெளியிட்ட ‘ரூப்பா டான் காயா’ அந்தத் துறையில் முக்கியமான நூல். இவர்கள் மகள் ஸெத்தி அக்தார் 2000 முதல் 2016 வரை மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஆளுநர். இத்தனை இருந்தும் அஜாவைக் கணவரின் பெயர் வழியாகவே அறிமுகப்படுத்தும் பழக்கம் போகவில்லை.

இந்தக் குடும்பத்தைப் பற்றிய எழுத்தில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது, உசேன் அலாத்தாஸின் மகள் மஸ்துரா அலாத்தாஸ் 2010இல் தந்தையைப் பற்றி எழுதிய நூல். சிந்தனையாளரின் வாழ்வை எழுதும் பேனா வீட்டுப் பெண்ணின் கைக்கு வந்துவிட்டது.

தமிழில் இந்தப் பேனா முன்பே கைமாறியது. பாரதி 1921இல் மறைந்தார். மனைவி செல்லம்மாள் சொல்ல, மகள் தங்கம்மாள் எழுத, ‘பாரதியார் சரித்திரம்’ 1941இல் நூலானது. அது இல்லாவிட்டால் கவிஞரின் வீட்டு வறுமையை நாம் கட்டுக்கதைகளாக மட்டுமே அறிந்திருப்போம்.

மலாயாவுக்கு இன்னும் நெருக்கமானவர் பெரியாரின் மனைவி நாகம்மையார். 1929 டிசம்பரில் பெரியாரோடு கப்பலில் இங்கே வந்தவர். அதற்கு முன்பே ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலிலும் வைக்கம் போராட்டத்திலும் நின்றவர். 1933 மே மாதம் அவர் இறந்தபோது, பெண் விடுதலை பற்றி ஊருக்குச் சொன்னதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அவர் விஷயத்தில் கடைப்பிடித்ததாகச் சொல்லிக்கொள்ளத் தமக்குத் தகுதியில்லை என்று பெரியார் ‘குடி அரசு’ இதழில் எழுதினார். அவ்வளவு வெளிப்படையான ஒப்புதலை நான் வேறு எந்தச் சிந்தனையாளரிடமும் படித்ததில்லை. அதே ஆண்டு அந்த இதழில் வந்த ஒரு தலையங்கத்துக்காக, பதிப்பாளர் என்ற முறையில் பெரியாரின் தங்கை கண்ணம்மாளும் அண்ணனோடு சிறைத்தண்டனை பெற்றார். மலேசியாவில் பெரியார் விழா நடத்துவோர் கண்ணம்மாளின் பெயரையும் மேடையில் சொல்ல வேண்டும்.

ஜொகூர்ப் பெண்களைப் பற்றி எழுதவும் மூலங்கள் இல்லாமல் இல்லை. ஜொகூர் மலாய்ப் பெண் ஆசிரியர் சங்கத்தை 1929இல் தொடங்கிய ஜைனோன் சுலைமான், மக்கள் சொல்லும் பெயரில் இபு ஜைன், அடுத்த ஆண்டே ‘புலான் மெலாயு’ என்ற பெண்கள் இதழைக் கொண்டுவந்தார். அஜீஸா நக்கீபை வளர்த்த காலத்து ஜொகூரில், படித்த பெண்கள் எதைப் பேசினார்கள் என்று அறிய அதுபோன்ற இதழ்களில் தொடங்கலாம். அரச குடும்பத்து ஆவணங்கள், ஒட்டோமான் ஆவணக் காப்பகங்கள், குடும்பத்தாரின் வாய்மொழி நினைவுகள் ஆகியவற்றையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். மலாய், ஆங்கிலம், துருக்கி மொழி அறிந்தவர்கள் கூடிச் செய்ய வேண்டிய வேலை இது. ருக்கையா ஹானுமுக்கு முழுமையான ஒரு வாழ்க்கை வரலாறு வேண்டும். இங்குள்ள பல்கலைக்கழகங்களில் ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்கள், தமிழ் மாணவர்களும்தான், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.