பெதும்பையும் பூலிங்கமும்: மும்பைத் தமிழ் வகுப்பறையில் இளையோர் இலக்கியம்

முன்னுரை

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களாக ஒன்பதைச் சுட்டுகின்றது. பாட்டியல் நூல்கள் மகளிர் பருவத்தை ஏழாகப் பகுக்கின்றன. பருவங்களுக்கு இத்துணை நுட்பமாகப் பெயரிட்ட தமிழில், குழந்தைமைக்கும் முதிர்ச்சிக்கும் இடைப்பட்டோருக்கான இலக்கிய வகை இன்னும் தனியே நிலைபெறவில்லை. 2010 முதல் சாகித்திய அகாதெமி வழங்கிவரும் பால சாகித்திய விருதும் 9 முதல் 16 வயது வரையிலானோரை ஒரே தொகுதியாகவே கொள்கின்றது. இவ்விடைவெளியை, மும்பையில் தமிழ் கற்பிக்கவிருக்கும் ஆசிரிய மாணவரின் நோக்கில் ஆராய்வதாக இக்கட்டுரை அமைகின்றது.

வகுப்பறையும் வாசகரும்

தாராவியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ். தெருவில் இந்தியும் மராத்தியும். முன்னேற்றத்தின் மொழியாகத் தோன்றுவது ஆங்கிலம். மாட்டுங்கா, செம்பூர்க் குடும்பங்கள் பொருள்நிலையில் வேறுபடலாம்; மொழிச்சிக்கல் ஏறத்தாழ ஒன்றே. இவர்களுக்குத் தமிழ் தேர்வோடு முடியும் பாடமாகுமா, வாழ்நாள் துணையாகுமா என்பது பதின்பருவ வாசிப்பில்தான் முடிவாகின்றது.

ஆயினும் கல்வியியல் பயில்வோர் பலர் இளையோர் நூல்களை நீர்த்துப்போன இலக்கியமாகக் கருதுவதுண்டு. கொள்வோன் திறனறிந்து கற்பிக்கும்படி கூறும் நன்னூற் பாயிரம் இக்கருத்துக்கு இடந்தரவில்லை.

அம்பையின் சிறுகதை

மும்பையில் வாழும் அம்பை, பதின்பருவத்திலேயே 'நந்திமலைச் சாரலிலே' என்னும் சிறுவர் புதினத்தை எழுதியவர். பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றியவர். அவருடைய 'அம்மா ஒரு கொலை செய்தாள்' பூப்பெய்தும் சிறுமியின் கூற்றாக அமைந்த கதை. உலா இலக்கியத்துப் பெதும்பையும் மங்கையும் தலைவனைக் கண்டு மயங்குதற்கென வீதியில் நிறுத்தப்படுவோர். அவர்தம் அச்சங்களுக்கு ஆங்கே இடமில்லை. அம்பையின் கதையிலோ அப்பருவத்தாளே பேசுகின்றாள். தன் உடலில் நிகழ்ந்ததை விளக்குவார் எவருமின்றி அவள் தாயின் வரவுக்குக் காத்திருக்கின்றாள். திரும்பி வந்த தாயோ, கறுப்பு நிறத்தால் உறவுப்பெண்ணின் திருமணப் பேச்சு முறிந்த கசப்பை மகள்மீது கொட்டுகின்றாள். தாய் கொடியவள் என்று கதை தீர்ப்பளிக்கவில்லை. அவளைப் பேசவைத்த சமூகத்தை வாசகரே கண்டுணர விடுகின்றது. அறவுரை கூறாமல் அறவுணர்வைத் தூண்டும் இத்திறமே இளையோர் இலக்கியத்தின் உயிர்நிலை.

நாஞ்சில் நாடனின் புதினம்

பம்பாயில் பல்லாண்டு பணியாற்றிய நாஞ்சில் நாடனின் 'எட்டுத் திக்கும் மதயானை' (1998), ஊரைவிட்டு ஓடும் பூலிங்கம் என்னும் இளைஞன் பல ஊர்கள் அலைந்து பம்பாய் சேர்வதைக் கூறுகின்றது. பெற்றோரின் புலம்பெயர்வைக் கேட்டு வளர்ந்த மாணவர், தம் நகரத்தைத் தமிழ்ப் புனைவில் காணும் வாய்ப்பு இதனால் கிட்டுகின்றது. சட்டத்திற்குப் புறம்பான தொழில்களும் உடல்வேட்கையும் இடம்பெறுவதால், இதனை மேல்வகுப்பினருக்கே உரியதாகக் கொள்ளல் தகும். விலக்குவது எளிது, உடனிருந்து வாசிப்பதே ஆசிரியப் பணி.

முடிவுரை

இவ்விரண்டும் இளையோர்க்கென்றே எழுதப்பட்டவை அல்ல. எனவே எவருக்காக எழுதப்பட்டது என்பதைக் காட்டிலும், எவருடைய வினாவை எழுப்புகின்றது என்பதே இவ்வகையின் அளவுகோலாதல் வேண்டும். கல்வியியல் பாடத்திட்டத்தில் இத்தகைய வாசிப்புக்கு இடமளிக்கப்படின், நாளைய ஆசிரியர் முதலில் தாமே வாசகராவார். வினாவிடைக் குறிப்பாகச் சுருங்கினால் இக்கதைகளும் மற்றுமொரு மனப்பாடப் பகுதியாகவே முடியும்.